நாற்காலி கொடுத்தார்கள், கையெழுத்து?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊராட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு என்று பேசும்போதெல்லாம் 'பெண்கள்' என எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வந்ததே, அதைப் பார்த்து எல்லோரும் கொதித்தோம்.

சரி, எங்கள் பக்கத்து ஊராட்சித் தலைவரும் பட்டியல் சாதிப் பெண்தான், அவருக்கு நாற்காலி கிடைத்தது. ஆனால் காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டுமே! மோட்டார் பழுதாகி நாலு நாளாகத் தண்ணீர் இல்லை, மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய காசோலையோடு அந்த அம்மா துணைத் தலைவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே வெயிலில் நிற்கிறார், மகன் வயசுப் பையன் "நாளைக்கு வா" என்கிறான். (அந்தத் திண்ணையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை.) அப்புறம் அந்த அம்மா தன் தெருவுக்குப் போனால் அங்கே ஆண்கள், "பொம்பளைக்கு என்ன தெரியும், புருஷனைக் கூப்பிடு" என்றார்கள்.

இதில் எது சாதி, எது பெண் என்பது? பிரித்துப் பார்க்க முடியாது. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவரின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றமே இப்படி ஒன்றோடொன்று பின்னிய ஒடுக்குமுறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது.

கலெக்டருக்கு மனு போட்டுக் காத்திருப்பதெல்லாம் தண்ணீர்ப் பிரச்சினைக்கு ஆகாது. ஒரு வாரத்தில் கையெழுத்து வராவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலரே போடலாம் என்று விதியை மாற்றுங்கள்.

ஒரு வாசகர், விருத்தாசலம்