தவளை தன் வாயால் பிழைக்கும் ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் ஆஸ்திரேலியாவைப் பற்றி வந்ததை என் மகளோடு உட்கார்ந்து படித்தேன். கங்காரு, கோலா, ஓபரா ஹவுஸ், கிரிக்கெட் எல்லாம் இருந்தன. சரிதான். ஆனால் பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கும் எனக்கு இந்த நாட்டில் ரொம்பப் பிடித்துப்போன ஒன்று அதில் விட்டுப்போயிருந்தது. இங்குள்ள அருங்காட்சியகமும் தேசிய நூலகமும் தங்கள் வேலையில் ஒரு பங்கைச் சாதாரண ஜனங்களை நம்பி ஒப்படைத்திருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

'தவளை தன் வாயால் கெடும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே தவளை தன் வாயால்தான் பிழைக்கிறது. சிட்னியில் இருக்கும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017 நவம்பரில் 'ஃப்ராக் ஐடி' என்ற செயலியைக் கொண்டுவந்தது. தவளை கத்தும் இடத்தில் போனை நீட்டி அரை நிமிடம் பதிவு செய்து அனுப்பினால் போதும். தவளைச் சத்தம் தெரிந்தவர்கள் அதைக் காதால் கேட்டு, இன்ன தவளை என்று பதில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் குரல் வேறு. கத்துவது பெரும்பாலும் ஆண், பெண்ணை அழைக்க. ஆகவே சத்தம் கேட்டாலே, அந்தக் குளத்தில் இன்ன தவளை இருக்கிறது, அதற்கு இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது என்று இரண்டும் தெரிந்துவிடும். இப்படி வந்து சேர்ந்த பதிவுகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மழைநீர் வடிகால் ஓடுகிறது. மழை விட்ட ராத்திரிகளில் அதிலிருந்து 'டொக்... டொக்...' என்று, யாரோ டென்னிஸ் பந்தை மட்டையால் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். முதல் வருடம் முழுக்க ஏதோ குழாய் சொட்டுகிறது என்றே நினைத்திருந்தேன். மகள்தான் ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாகப் போய்ப் பதிவு செய்து அனுப்பினாள். பதில் வந்தது: முதுகில் கோடு போட்ட சதுப்புத் தவளை. அன்றிலிருந்து மழை விட்டால் முதலில் பின்கதவைத்தான் திறக்கிறாள்.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. குவீன்ஸ்லாந்து மலைக்காட்டு ஓடைகளில் ஒரு தவளை இருந்தது. தாய்த் தவளை முட்டைகளை விழுங்கி, இரைப்பைக்குள்ளேயே வளர்த்து, வாய் வழியாகக் குட்டித் தவளைகளை வெளியே விடும். அதுவரை இரைப்பையில் அமிலம் சுரக்காது. 1973-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். 1981-க்குப் பிறகு காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை. பெயர் வைத்து எட்டே வருடம்! தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தப் பூஞ்சை இன்னதென்று தெரிந்ததே 1990-களின் கடைசியில்தான். ஓடைக்கு ஓடை காது கொடுத்துக் கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. 2021 குளிர்காலத்தில் கிழக்குக் கரையோரம் தவளைகள் செத்து விழுந்தபோது, ஊரடங்கால் ஆய்வாளர்கள் வெளியே போக முடியவில்லை. ஜனங்களே தகவல் அனுப்பினார்கள். செத்த தவளைகளை வீட்டு ஃப்ரீசரில் எடுத்து வைத்துக் கொடுத்தார்கள்.

அப்புறம் 'ட்ரோவ்'. தேசிய நூலகம் 2009-இல் தொடங்கிய இணையதளம். 1803 முதலான பழைய நாளிதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம். பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருக்கும். வாசகர்களே பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்துகிறார்கள். நானும் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் திருத்துகிறேன்.

அதில்தான் 1868-இன் ஆஸ்திரேலியப் பூர்வகுடி கிரிக்கெட் அணியைப் பற்றிப் படித்தேன். முதல் டெஸ்ட் நடந்தது 1877-இல். அதற்கு ஒன்பது வருடம் முன்பே இந்த ஆட்டக்காரர்கள் கப்பலேறி இங்கிலாந்து போய் 47 ஆட்டம் ஆடினார்கள். 14 வெற்றி, 14 தோல்வி, மீதி டிரா. அவர்களில் ஒருவர் நோயில் விழுந்து லண்டனிலேயே இறந்துபோனார். நாளிதழ்களில் அவர்கள் சொந்தப் பெயரைக்கூடப் போடாமல் 'டூபென்னி', 'கிங் கோல்' என்று பட்டப்பெயரிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அணியின் நட்சத்திரம் ஜானி முல்லா. சொந்தப் பெயர் உனாரிமின். மெல்போர்னில் டிசம்பர் 26-இல் தொடங்கும் பாக்சிங் டே டெஸ்டின் ஆட்டநாயகனுக்கு 2020 முதல் அவர் பெயரில்தான் பதக்கம் தருகிறார்கள். அதை முதலில் வாங்கியவர் நம் அஜிங்க்ய ரஹானே. அடிலெய்டில் இந்திய அணி 36 ரன்னில் சுருண்டதற்கு அடுத்த டெஸ்ட் அது. அதில் அவர் அடித்த சதத்தை நம்மூரில் மறந்தவர்கள் இல்லை. பதக்கத்தில் இருந்த பெயர் யாருடையது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

2023-இல் பணம் இல்லாமல் ட்ரோவ் நின்றுவிடும் என்ற நிலை வந்தது. வாசகர்கள் குரல் கொடுத்தார்கள். நான்கு வருடத்துக்கு 3.3 கோடி டாலர் தருவதாக அரசு அறிவித்தது.

சிறுவர் பக்கத்தில் மாதம் ஒரு ஆஸ்திரேலியத் தவளையையோ பறவையையோ, பழைய ஆட்டக்காரரையோ அறிமுகப்படுத்துங்கள். ட்ரோவைச் சென்னையில் இருந்தும் திறக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். முதல் மாதத்துக்கு, வடிகால் தவளையைப் பற்றி மகள் எழுதத் தொடங்கிவிட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
டூங்காபி, சிட்னி.