21 நாள் கெடு இருந்தும் எங்க ஜனாதிபதி ராஜினாமா பண்ண வேண்டி வந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கவர்னர் மசோதாவுல கையெழுத்துப் போடாம வச்சிருந்தா என்ன பண்றதுன்னு உங்க பேப்பர்ல வர்றதையெல்லாம் இங்க மொரீசியஸ்ல ஆன்லைன்ல விடாம படிச்சிட்டு வர்றேன். 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டோட 10 மசோதாவுக்கும் ஒப்புதல் கெடச்சதாவே எடுத்துக்கணும்னு தீர்ப்பு குடுத்து, கவர்னருக்கு கெடுவும் வச்சுச்சு, அப்புறம் நவம்பர்ல அஞ்சு நீதிபதிங்க பெஞ்ச் கோர்ட் அப்படி கெடு வைக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அரசியல் சட்டத்துலயே நாள் கணக்கு எழுதிட்டா தீந்துது பிரச்சினைன்னு நெனைக்கிறவங்க நிறைய பேர். எங்க ஊர்ல எழுதித்தான் வச்சிருக்கு, ஆனா தீரல. அதனாலதான் இந்த கடிதம்.

எங்க அரசியல் சட்டத்துல 46வது பிரிவு. ஒரு மசோதா சரியில்லன்னு ஜனாதிபதிக்கு மனசுல பட்டா 21 நாளுக்குள்ள சபைக்கு திருப்பி அனுப்பலாம், ஒரே ஒரு தடவ. பண மசோதாவ அதுவும் முடியாது. சபை அத மறுபடி பாஸ் பண்ணிட்டா, ஒரு எழுத்து கூட மாத்தாம அப்படியே பாஸ் பண்ணினாலும் சரி, கையெழுத்து போட்டே ஆகணும். போடலன்னா 30வது பிரிவு இருக்கு, பிரதமர் ஒரு தீர்மானம் கொண்டு வந்து, மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல ஓட்டு போட்டா ஜனாதிபதி வீட்டுக்கு போயிடணும். அதே ஜனாதிபதி வேற பெரிய தப்பு செஞ்சாருன்னு குற்றச்சாட்டு வந்தா, ட்ரிப்யூனல் வச்சு விசாரிச்சுத்தான் நீக்க முடியும். அதாவது தப்பு பண்ணினவருக்கு விசாரணை உண்டு, மனசாட்சிக்கு பயந்து கையெழுத்து போடாதவருக்கு விசாரணை கூட கெடையாது. இது எனக்கு ரொம்ப அநியாயமா தெரியுது.

2002 பிப்ரவரியில நடந்தத தமிழ்நாட்டு வாசகர்களுக்கு சொல்லணும், ஏன்னா அதுல ரெண்டு தமிழர்கள் இருக்காங்க. அமெரிக்காவுல செப்டம்பர் 11 நடந்ததுக்கு அப்புறம் எங்க அரசாங்கம் பயங்கரவாத தடுப்பு மசோதா கொண்டு வந்தாங்க, சந்தேகத்துல பிடிச்ச ஆள வக்கீல பாக்க விடாம 36 மணி நேரம் வச்சிருக்கலாம்ங்கற மாதிரி விஷயமெல்லாம் அதுல இருந்துச்சு. ஜனாதிபதி காசம் உத்தீம் கையெழுத்து போட மாட்டேன்னு ராஜினாமா பண்ணிட்டாரு. அவருக்கு பதிலா பொறுப்புக்கு வந்தவரு துணை ஜனாதிபதி அங்கிடி செட்டியார், நம்ம தமிழர். அவரும் போட மாட்டேன்னு சில நாள்லயே ராஜினாமா. ரெண்டு நாற்காலியும் காலி ஆனா எங்க சட்டப்படி தலைமை நீதிபதிதான் தற்காலிக ஜனாதிபதி, அப்ப தலைமை நீதிபதியா இருந்தவரு அரிரங்கா பிள்ளை, இவரும் தமிழர். அவரு கையெழுத்துல சட்டம் வந்துடுச்சு.

நான் பிள்ளை அவர்கள குத்தம் சொல்லவே இல்ல, சட்டம் அவருக்கு வேற வழி வைக்கல. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்த சட்டம் அடிப்படை உரிமைக்கு எதிரானதுன்னு அப்ப ஒரு ஆள் வழக்கு போட்டிருந்தா அது எந்த கோர்ட்டுக்கு போயிருக்கும்? அவரு தலைமை நீதிபதியா இருந்த அதே சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான். சபை பிடிவாதமா நின்னதால ஜனாதிபதி பதவி மட்டுமா அடி வாங்குச்சு, நீதிமன்றத்தையும் இழுத்து உள்ள விட்டுட்டாங்களே. இத பத்தி அப்ப ஒழுங்கா யாரும் கேக்கலங்கறது எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான்.

சபைக்கு எல்லையே இல்லன்னும் சொல்ல முடியாது. 2006ல கோய்ராட்டி வழக்குல, எங்களுக்கு கடைசி கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில், ஜாமீன் குடுக்கறதா வேணாமாங்கறத முடிவு பண்ற அதிகாரத்த நீதிபதிங்க கிட்டருந்து சபை அப்படியே பிடுங்கிக்க முடியாது, நாடு ஜனநாயக நாடுன்னு சொல்ற 1வது பிரிவே அத தடுக்குதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. நீதிபதிங்கள சுத்தி வேலி இருக்கு, ஜனாதிபதிய சுத்தி ஒண்ணும் இல்ல.

சபையில எதிர்க்கட்சி இருக்குமே அவங்க பாத்துக்குவாங்கன்னு சொல்றதும் எங்க ஊருக்கு சரிப்படாது. 1982, 1995, அப்புறம் 2024 நவம்பர், மூணு தேர்தல்லயும் மொரீசியஸ் தீவுல இருக்கற 60 சீட்டையும் ஒரே கூட்டணி அள்ளிக்கிட்டு போச்சு. ஜனாதிபதிய தேர்ந்தெடுக்கறதும் இதே சபைதான், பிரதமர் பேர் சொல்வாரு, பெரும்பான்மை ஓட்டு போடும். இதுல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு எழுதியிருந்தாலும் அது என்ன பெரிய தடையா?

அதனால நான் கேக்கறது ஓட்டுக் கணக்கு இல்ல. தென்னாப்பிரிக்காவுல 79வது பிரிவுல ஒரு வழி இருக்கு, மசோதா அரசியல் சட்டத்துக்கு ஒத்து வருமான்னு ஜனாதிபதிக்கு சந்தேகம் வந்தா திருப்பி அனுப்புவாரு, சபை அத சரி பண்ணலன்னா கையெழுத்துக்கு முன்னாடியே அரசியல் சட்ட கோர்ட்டுக்கு அனுப்பிடலாம். கோர்ட் செல்லும்னு சொல்லிட்டா அவரு போட்டே ஆகணும். சபையையும் மீறல, ஜனாதிபதியும் பொம்மை ஆகல. எங்களுக்கும் இதே மாதிரி வேணும், உத்தீமுக்கும் செட்டியாருக்கும் 2002ல இந்த வழி இருந்திருந்தா ராஜினாமா பண்ண தேவையே இருந்திருக்காது.

ஜனாதிபதிக்கு ஏகப்பட்ட அதிகாரம் குடுக்க சொல்றேன்னு நெனைக்காதீங்க. 2014ல இங்க ரெண்டாவது குடியரசுன்னு சொல்லி, மக்கள் நேரா ஓட்டு போட்டு பலமான ஜனாதிபதிய தேர்ந்தெடுக்கலாம்னு ஒரு கூட்டணி கேட்டாங்க, மக்கள் தோக்கடிச்சாங்க, சரியாத்தான் செஞ்சாங்க. தமிழ்நாட்டுல நெலமை வேற, டெல்லி அனுப்பற கவர்னர் மக்கள் தேர்ந்தெடுத்த சபையோட மசோதாவ மாசக்கணக்கா வச்சிருக்கறது தப்பு, அங்க கெடு வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. கெடு கேக்கறப்ப, நியாயமான சந்தேகம் வந்தா கோர்ட்ட கேக்கற வழியையும் சேர்த்து கேளுங்க.

இன்னொண்ணு, அங்கிடி செட்டியார் 2010ல துணை ஜனாதிபதி பதவியில இருக்கும்போதே காலமானாரு. தமிழ்நாட்டுல அவரப் பத்தி தெரிஞ்சவங்க குறைவு. முடிஞ்சா அவரப் பத்தி ஒரு கட்டுரை போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ரோஸ்ஹில், மொரீசியஸ்