ஹிலாரியா, ஒபாமாவா: ‘இந்தியாவின் நண்பர்’ கணக்கு எனக்கு உதவவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். ஹிலாரி கிளின்டன் இந்தியாவுக்குப் பழைய நண்பர், ஒபாமா எப்படிப்பட்டவர் என்றே தெரியாது, அதனால் அமெரிக்கத் தமிழர்கள் ஹிலாரி பக்கம் நிற்பதுதான் புத்திசாலித்தனம் என்று அதில் முடித்திருந்தார்கள். நான் பதினாறு வருடமாக பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். வரும் ஏப்ரல் 22ஆம் தேதி இங்கே ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது இந்த 2008 அதிபர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஓட்டு. இந்த மாநிலத்தில் கட்சியில் பெயர் பதிந்தவர்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட முடியும் என்பதால், இத்தனை வருடம் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று இருந்தவன், மார்ச் 24 கெடு முடிவதற்குள் ஓடிப்போய்ப் பதிந்தேன். என்னைப் போல நிறைய பேர் போலிருக்கிறது, இங்கே ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர்கள் முதல்முறையாக 40 லட்சத்தைத் தாண்டிவிட்டார்களாம்.

நம்மூரில் வேட்பாளர் யார் என்று தலைமை அறிவிக்கும், தொண்டர் பட்டாசு வெடிப்பார், அவ்வளவுதான். இங்கே அந்த முடிவையே நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த பிறகுதான் தெரிகிறது அது எவ்வளவு தலைவலி என்று. எங்கள் வீட்டில் மனைவி ஹிலாரி. பிலடெல்பியாவில் கல்லூரியில் படிக்கும் மகள் ஒபாமா, வாரக்கடைசி முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போன் போட்டு ஓட்டுக் கேட்கிறாள் (அம்மாவுக்கு வாரம் ஒருமுறை போன் செய்ய நேரமில்லை, அது வேறு கதை). நான் நேற்றுவரை மதில் மேல் பூனை.

முதலில் அந்த ‘இந்தியாவின் நண்பர்’ விஷயத்தை முடித்துவிடுகிறேன். நாடாளுமன்ற மேல்சபையான செனட்டில் இந்தியாவுக்கென்று இருக்கும் குழுவின் இணைத் தலைவர்களில் ஹிலாரி ஒருவர், சரி. போன வருடம் ஜூனில் ஒபாமாவின் பிரச்சார ஆட்கள் ஹிலாரியை ‘பஞ்சாப் ஜனநாயகக் கட்சிக்காரர்’ என்று நக்கலடித்துப் பத்திரிகையாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பி மாட்டிக்கொண்டார்கள், அதுவும் சரி. அதைப் படித்தபோது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது, வேலையெல்லாம் இந்தியாவுக்குப் போகிறது என்ற பயத்தை ஓட்டாக்கப் பார்த்த வேலை அது. ஒபாமா தப்பு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் இந்திய-அமெரிக்க அணு ஒப்பந்தத்துக்கு வழிவிடும் சட்டம் 2006 நவம்பரில் செனட்டுக்கு வந்தபோது இரண்டு பேருமே ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டார்கள். யார் வந்தாலும் டெல்லியோடு உறவு இருந்த இடத்தில்தான் இருக்கும். அப்புறம், நான் இங்கே வரி கட்டுகிறேன், என் மகள் இங்கே வளர்ந்தவள். இந்தியாவுக்கு யார் நல்லவர் என்பதை மட்டும் பார்த்து நான் ஓட்டுப் போட்டால், பக்கத்து வீட்டு அமெரிக்கர் என்னை எதற்கு நம்ப வேண்டும்?

யாழ்ப்பாணத்துக்கார நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் தராசு வேறு. போன அக்டோபரில் லண்டன் கார்டியன் பேட்டியில், பயங்கரவாதிகள் என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது, இலங்கையில் புலிகள் எதற்காகப் போராடுகிறார்கள் என்பதும் ஈராக்கில் நடப்பதும் ஒன்றல்ல என்ற பொருளில் ஹிலாரி பேசியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் ஹிலாரி ஆளாகிவிட்டார். அதே ஹிலாரியின் கணவர் ஆட்சியில்தான் 1997இல் புலிகளை அமெரிக்கா தடைப் பட்டியலில் போட்டது என்று நினைவுபடுத்தினேன். “எங்களுக்கு ஒரு வசனமாவது சொன்னாவே” என்றார். இந்த ஜனவரியில் போர் நிறுத்தமும் போய்விட்ட நிலையில் அவரோடு நான் என்ன வாதம் செய்வது? பென் ஹில்ஸ் வேங்கடேசுவரர் கோவில் கேன்டீனில் புளியோதரை ஆறிப்போனதுதான் மிச்சம்.

இதெல்லாம் போக, இந்த இரண்டு பேருக்கும் கொள்கையில் உண்மையான வித்தியாசம் என்று தேடினால் பெரிதாக இரண்டுதான் தேறுகிறது. ஒன்று மருத்துவ இன்சூரன்ஸ். இன்னொன்று ஈராக்.

இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் இந்த நாட்டில் 4 கோடியே 70 லட்சம் பேர். ஹிலாரியின் திட்டத்தில் எல்லோரும் கட்டாயம் இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும், கட்ட முடியாதவர்களுக்கு அரசு உதவும். ஒபாமாவின் திட்டத்தில் கட்டாயம் என்பது குழந்தைகளுக்கு மட்டும், பெரியவர்களுக்கு விலையைக் குறைத்தால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள் என்கிறார். இதில் என் மனைவி சொல்வதுதான் சரி, ஹிலாரி பக்கம்தான் நியாயம். நம்மூர் சீட்டை நினைத்துப் பாருங்கள். எனக்குப் பணம் தேவைப்படும் மாதம் மட்டும் சீட்டில் சேருகிறேன் என்று ஒவ்வொருவரும் சொன்னால் அந்தச் சீட்டு எத்தனை மாதம் ஓடும்? நல்ல உடம்புக்காரர் வெளியே நின்றுகொண்டு, நோய் வந்த பிறகு உள்ளே வந்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தலையில்தான் பிரீமியம் ஏறும்.

எனக்குத் தெரிந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் போன வருடம் வேலை போயிற்று. பழைய கம்பெனியின் இன்சூரன்சையே பதினெட்டு மாதம்வரை நீட்டித்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது, ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியமும் நம் கையிலிருந்து போக வேண்டும், அதுவும் வேலை இல்லாத நேரத்தில். இரண்டு மாதம் கட்டினார். மூன்றாவது மாதம் முடியவில்லை. தனியாக வாங்கப் போனால் அந்த இன்சூரன்ஸ்காரர்கள் அவர் மனைவியின் சர்க்கரை நோயைக் காட்டி முடியாது என்று விட்டார்கள். இன்சுலினுக்கு என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. எங்கள் வட்டத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே பல பேருக்குத் தெரியாது, ஊரிலிருந்து வந்தவன் வேலை போனதை வெளியே சொல்லமாட்டான்.

ஆக இதில் ஹிலாரிக்கு முழு மதிப்பெண். 1993, 94இல் கணவர் அதிபராக இருந்தபோது இதே விஷயத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டும், மறுபடி இதையே கையில் எடுத்துக்கொண்டு வருகிறாரே, அந்தப் பிடிவாதத்துக்கும் சேர்த்து.

ஈராக்குக்கு வருகிறேன். 2002 அக்டோபரில் புஷ்ஷுக்குப் போர் அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியது. ஹிலாரி அந்த 77இல் ஒருவர். அதே மாதம் சிகாகோவில் ஒரு கூட்டத்தில், அப்போது இலினாய் மாநில செனட்டராக மட்டும் இருந்த ஒபாமா, இந்தப் போர் வேண்டாம் என்று பேசினார். போன மாதம் அங்கே இறந்த அமெரிக்கப் படையினர் எண்ணிக்கை நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது, ஈராக்கியர்களை யார் எண்ணினார்கள். ஓட்டுப் போடவேண்டிய இடத்தில் இல்லாதவருக்கு எதிர்ப்பது சுலபம், செனட்டுக்குப் போன பிறகு போர்ச் செலவுக்கு அவரும்தான் பணம் ஒதுக்கி ஓட்டுப் போட்டார் என்று மனைவி சொல்கிறாள். உண்மைதான், மறுக்க முடியாது. ஆனாலும் அந்தக் காலத்தில் இந்த நாட்டில் நான் இருந்தேன். இரண்டாயிரத்து இரண்டில் இங்கே போர் வேண்டாம் என்று சொல்வது எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியும், ஆபீசில் நான் வாயையே திறக்கவில்லை. செனட் பதவிக்குக் கண் வைத்திருந்த ஒருவர் வாயைத் திறந்தார் என்பதை நான் சும்மா தள்ளிவிட முடியாது. ஹிலாரியோ இன்றுவரை அந்த ஓட்டு தப்பு என்று நேராகச் சொல்லமாட்டேன் என்கிறார், அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

மற்றதெல்லாம் சில்லறை. பாஸ்னியாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இறங்கினேன் என்று ஹிலாரி சொன்னார், பழைய வீடியோவில் ஒரு சின்னப் பெண் அவரை வரவேற்றுக்கொண்டிருக்கிறாள். ஒபாமா ஆல்டூனாவில் பவுலிங் ஆடப் போய் வெறும் 37 எடுத்தார், எங்கள் மாநிலத்தில் அது ஏறக்குறைய குற்றம். தடையில்லா வணிக ஒப்பந்தங்களை இருவரும் மேடையில் திட்டுகிறார்கள், அதெல்லாம் அரசியல் பேச்சுத்தான் என்று ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர் கனடாக்காரர்களிடம் சொன்னதாகச் செய்தி வந்து மாட்டினார், ஹிலாரியின் பிரச்சார மூளையாக இருந்தவர் அப்படி ஓர் ஒப்பந்தம் பற்றிக் கொலம்பியத் தூதரோடு பேசிப் பதவியை விட்டார். இரண்டும் ஒரே லட்சணம்.

ஆனால் இந்த வாரம் ஓடிக்கொண்டிருக்கும் ‘கசப்பு’ விவகாரத்தைச் சில்லறை என்று சொல்லமாட்டேன். வேலை போன சிற்றூர்க்காரர்கள் கசந்துபோய்த் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று ஒபாமா பேசியது வெளியே வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஹோம்ஸ்டெட்டில் 1986இல் எஃகு ஆலையை மூடினார்கள், இன்று அந்த இடத்தில் கடைகளும் சினிமா தியேட்டரும், ஓரமாக ஆலையின் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. கசப்பு இருக்கிறது, அந்தச் சொல் பொய்யில்லை. அதை இங்கே வந்து அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் நன்கொடை கொடுக்க வந்தவர்கள் நடுவே சொன்னது தப்பு, கோவில் கும்பிடுகிறவர்களைப் பற்றி வெளியூரில் இப்படி ஒருவர் பேசினால் நமக்கு எப்படி இருக்கும்?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டுரையில் அது இல்லவே இல்லை. வேட்பாளராக 2,025 டெலிகேட், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், வேண்டும். ஓட்டில் கிடைத்த டெலிகேட்டில் ஒபாமா 160 அளவில் முன்னே இருக்கிறார். எங்கள் மாநிலத்துக்கு 158, அதில் 103 தொகுதிவாரியாகப் போகும், மிச்சம் மாநில மொத்த ஓட்டைப் பார்த்து. வென்றவருக்கே எல்லாம் என்று இங்கே கிடையாது. நான்கு டெலிகேட் உள்ள தொகுதியில் ஒருவர் 60 சதவீதம் வாங்கினாலும் இரண்டுக்கு இரண்டுதான். அதனால் ஆளுநர் ரெண்டெல் ஹிலாரி பக்கம், செனட்டர் கேசி ஒபாமா பக்கம் என்று எத்தனை பெரிய தலைகள் நின்றாலும் இங்கே இடைவெளி பெரிதாக மாறப்போவதில்லை. இனி மிச்சமுள்ள பத்து இடங்களிலும் சேர்த்து ஹிலாரி ஏறக்குறைய 64 சதவீதம் எடுத்தால்தான் எட்டிப்பிடிக்க முடியும். இல்லையென்றால் 800 பேர் அளவில் இருக்கும் சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது கட்சிப் பெரியவர்கள், ஓட்டின் முடிவைப் புரட்டிப்போட வேண்டும். அப்புறம் புளோரிடாவும் மிச்சிகனும். கட்சி விதியை மீறி முன்கூட்டியே தேர்தல் வைத்ததற்காக அவற்றின் டெலிகேட் பறிக்கப்பட்டது, அங்கே பிரச்சாரம் செய்யமாட்டோம் என்று ஹிலாரியும் ஒத்துக்கொண்டார், மிச்சிகனில் ஒபாமா பெயரே வாக்குச்சீட்டில் இல்லை. இப்போது அதையும் எண்ணு என்கிறார் ஹிலாரி. அங்கே ஓட்டுப் போட்ட ஜனங்கள் பாவம், அதை நான் மறுக்கவில்லை. ஆட்டம் பாதியில் இருக்கும்போது விதியை மாற்றுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, முடிவுக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். இன்சூரன்ஸ் திட்டம் யாருடையதாக இருந்தாலும் காங்கிரசுக்குள், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குள், போய் வெளியே வரும்போது ஆளே அடையாளம் தெரியாமல் மாறித்தான் வரும். ஒபாமா வென்றால் நாளைக்கு ஹிலாரியின் கட்டாயத்தையே தன் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது, கணக்கு அப்படித்தான் இழுக்கும். படையை அனுப்புவது அப்படியில்லை. அதில் கடைசியில் ஒரே ஒருவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதுதான். எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியின் மெக்கெய்னோ ஈராக்கில் இன்னும் நெடுநாள் இருப்போம் என்கிறார், அவருக்கு எதிரே நிற்கப்போகிறவர் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்காதவராக இருந்தால் பேச்சாவது நேராக இருக்கும். என் ஓட்டு ஒபாமாவுக்கு. இன்சூரன்ஸை நினைத்தால் மனம் கொஞ்சம் குத்தத்தான் செய்கிறது.

22ஆம் தேதி காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடி திறக்கும், மனைவியும் நானும் வேலைக்குப் போகும் வழியில் ஒரே காரில் போவதாக இருக்கிறோம். உன் ஓட்டை என் ஓட்டு அடித்துவிடும், எதற்குப் பெட்ரோல் செலவு, இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். “நீங்கள் வேண்டுமானால் இருங்கள்” என்றாள்.

இப்படிக்கு,
பிட்ஸ்பர்க் வாசகர் ஒருவர்
ஏப்ரல் 14, 2008