அளந்ததா, கண்டதா, கேட்டதா? குமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பேரிடர் மேலாண்மைப் பிரிவில் பணிபுரியும் அனைவருக்கும்,

வணக்கம். விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் மழைமானி படிப்பவர்களும், நீரோடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரை வயர்லெஸ் வைத்துக் கடலில் இருப்பவர்களோடு பேசுகிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

இரண்டு நாள் மழை வலுத்தால் போதும், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைபேசிகள் ஓயாது. "பேச்சிப்பாறை அணை உடைஞ்சாச்சு", "குமரியில கடல் உள்வாங்கிட்டு, சுனாமி வருது", "மார்த்தாண்டத்துல மேகவெடிப்பு" என்று வந்துகொண்டே இருக்கும். பரப்புகிறவர்களைப் பிடித்து உள்ளே வையுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54ஆம் பிரிவின்படி, பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். பழைய வீடியோவை எடுத்து இன்றைய தேதி போட்டு அனுப்புகிறவர் மேல் அது பாயட்டும். ஆனால் எங்கள் கைக்கு வந்து சேரும் தவறான தகவல்களில் பெரும்பகுதி வேறு வகை. சொன்னவர் உண்மையாகவே ஒன்றைப் பார்த்திருக்கிறார். பார்த்தது இன்னதென்று அடையாளம் காண்பதில் தவறியிருக்கிறார். அவருக்கு வேண்டியது வழக்கு இல்லை, பயிற்சி.

மழைமானியையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மழைமானியின் வாய்ப்பரப்பு 100 சதுர சென்டிமீட்டராக இருக்கும், அல்லது 200. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுக் குவளை. 200 வாய்க்கு 1 மில்லிமீட்டர் மழை என்பது 20 மில்லிலிட்டர் தண்ணீர். 100 வாய்க்கு 10 மில்லிலிட்டர். குவளை உடைந்து, கையில் கிடைத்த 100இன் குவளையால் 200 வாய் மானியின் தண்ணீரை அளந்தால் மழை இரண்டு மடங்காகும். பெய்தது 60 மில்லிமீட்டர், ஏட்டில் ஏறியது 120. வானிலைத் துறைக் கணக்கில் கனமழை 64.5இல் தொடங்குகிறது, மிகக் கனமழை 115.6இல். கனமழைகூட இல்லாத ஒரு நாள், ஒரு குவளை மாறியதால் இரண்டு படி ஏறி மிகக் கனமழை நாளாகிவிடும். படித்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணெதிரே குவளையில் அந்தக் கோடு வரை தண்ணீர் நின்றது.

இதற்கு நேர்மாறான பிழை இன்னும் ஆபத்தானது. 200 வாய் மானிக்குள் 4 லிட்டர் குப்பி இருந்தால் அது 200 மில்லிமீட்டரில் நிரம்பிவிடும். அதற்கு மேல் பெய்வது வழிந்து வெளிக்கூட்டில் நிற்கும். குப்பியை மட்டும் அளந்துவிட்டு வந்தால், அதி கனமழைக்கான 204.4 என்ற கோட்டை மழை தாண்டியதே தெரியாமல் போகும். மலையோரத்தில் ஓடைகள் கரைபுரள்வது அந்த மாதிரி இரவில்தான். மானியின் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். நம் ஊரில் தென்னை இல்லாத முற்றம் கிடைப்பது அரிது. ஓலையிலிருந்து வடிவது மானிக்குள் விழுந்தால் மழை கூடும். ஓலை மறித்தால் குறையும். காலை 8.30க்குப் படிக்கும் அளவு முந்தைய 24 மணி நேரத்தின் மழை. அதை "நேற்று 90, இன்று 90" என்று இரண்டு நாளாக்கிக் கூட்டி 180 என்று அனுப்புகிறவர்களும் உண்டு.

'மேகவெடிப்பு' என்ற சொல் இப்போது எல்லா மழைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு மணி நேரத்தில், சிறு பரப்பில், 100 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கொட்டினால்தான் அந்தப் பெயர். மணிக்கணக்கு இல்லாத 24 மணி அளவை வைத்து அதைச் சொல்லவே முடியாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். "100 கிலோமீட்டர் வேகம், வாழை எல்லாம் சாய்ஞ்சாச்சு" என்று தகவல் வரும். குலை தள்ளிய ஏத்தன் வாழை, ஊறிய மண்ணில், முட்டு இல்லாமல் நின்றால் நடுத்தரக் காற்றுக்கே சாயும். ரப்பரும் எளிதில் முறியும் மரம். விழுந்ததை வைத்து வேகத்தைச் சொல்லக் கூடாது, நிற்பதை வைத்துச் சொல்ல வேண்டும். மின்கம்பி ஊளையிட்டு, குடை பிடிக்க முடியாமல் போனால் ஏறத்தாழ 40 முதல் 50 கிலோமீட்டர். முழு மரமும் ஆடி, எதிர்த்து நடப்பது கஷ்டமானால் 50 முதல் 60. நல்ல மரத்தின் பச்சைச் சிறு கிளைகள் ஒடிந்து பறந்தால் 62க்கு மேல். புயல் என்ற பெயரே அங்கேதான் தொடங்குகிறது.

கடலுக்கு வருவோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் குமரியில் நீர்மட்டம் தாழ்ந்து, விவேகானந்தர் பாறைக்குப் படகு நிற்கும் நாட்கள் உண்டு. "கடல் உள்வாங்கியது" என்று அன்றெல்லாம் செய்தி. 2004 டிசம்பர் 26ஐ மறக்க முடியாத மக்கள் பதறுவதில் என்ன தவறு? வற்று நீர் மணிக்கணக்கில் மெல்ல இறங்கும், இறக்கமும் இங்கே ஒரு மீட்டருக்குள்தான். சுனாமியில் சில நிமிடங்களில் கடல் பின்வாங்கி, என்றும் காணாத பாறையும் மணலும் தெரியும். அப்படித் தெரிந்தாலோ, தரை பலமாக ஆடினாலோ, அளவெடுக்க நிற்கக் கூடாது. முதலில் மேட்டுக்கு ஓடுவது, பிறகு போன்.

கள்ளக்கடல் வேறு. தெற்கே வெகுதொலைவில் அடித்த புயல் காற்று கிளப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாட்களில் இங்கே வந்து சேர்கிறது. இங்கே காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும். அதனால்தான் கரையில் நிற்பவர் நம்புவதில்லை. 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் அலை இழுத்து மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தார்கள். இந்த அலையை அடையாளம் காண ஒரு கடிகாரம் போதும். அசையாத ஒரு பாறையைக் குறிவைத்து, அதில் 11 அலைகள் வந்து மோதும் நேரத்தைக் குறித்து, 10ஆல் வகுக்க வேண்டும். 5 முதல் 8 விநாடி வந்தால் அது உள்ளூர்க் காற்றின் அலை. 15 விநாடியைத் தாண்டினால் தூரத்து அலை, கரையில் ஏறும். "அலை பெருசா இருக்கு" என்ற தகவலைவிட "நீரோடி, காலை 7.10, இடைவெளி 17 விநாடி" என்ற தகவல் எத்தனை மடங்கு பயன் தரும் என்று நீங்களே பாருங்கள்.

மேகத்திலிருந்து தும்பிக்கைபோல் ஏதாவது தொங்கினால் உடனே 'சூறாவளி' என்கிறார்கள். பெரும்பாலும் அது மழைக்கு அடியில் கிழிந்து தொங்கும் தாழ்மேகம். ஒரு கம்பத்தை நேராக வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். கலைந்தும் நகர்ந்தும் போகிறதா, ஒரே அச்சில் சுழல்கிறதா? உண்மையான நீர்ச்சுழலாக இருந்தால் அதன் அடியில் கடல்பரப்பில் வட்டமாகத் தண்ணீர் சிதறும். வள்ளம் அதன் பாதைக்குக் குறுக்காக, செங்குத்துத் திசையில் விலக வேண்டும். அதோடு ஓட்டப்பந்தயம் கூடாது.

இந்த ஒரு நிமிடப் பொறுமை பழக்கத்தில்தான் வரும். அமெரிக்காவில் சூறாவளி (டொர்னேடோ) அதிகம் அடிக்கும் மாநிலங்களில் இதே தாழ்மேகத்தைச் சுழல்மேகம் என்று தெரிவிப்பது ஓயாத தொல்லை. அதற்காகவே ஸ்கைவார்ன் என்ற திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு வானிலைத் துறை பயிற்சி தருகிறது. புயலைத் துரத்திப் பல பருவங்கள் அதன் அடியிலேயே நின்றவர்களின் தகவலுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். பூமி வளைந்திருப்பதால், அரை பாகைக் கோணத்தில் செல்லும் ரேடார் கற்றை 100 கிலோமீட்டர் தொலைவில் தரைக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் மேலே போகிறது. அதற்குக் கீழே நடப்பதைச் சொல்ல மனிதக் கண் வேண்டும்.

அந்தக் கண் நம்மிடம் இல்லாமல் இல்லை. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் ஸ்ராங்குகள் (படகை நடத்துகிறவர்கள்) வாரக்கணக்கில் வானத்தின் கீழ் கிடப்பவர்கள். மேல்காற்றான கச்சான் எப்போது வடகாற்றான வாடையாகத் திரும்புகிறது, நீவாடு என்கிற கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அவர்களுக்குப் பிழைப்பு. கரையின் மலையுச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, கடலில் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லக்கூடியவர்கள். ஒக்கி 2017 நவம்பர் 29இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி, மறுநாளே புயலானது. அதற்குப் பல நாள் முன்பே புறப்பட்ட படகுகள் கரையின் வயர்லெஸ் எட்டாத தொலைவில் இருந்தன. செய்தி கரையிலிருந்து கடலுக்குப் போகவில்லை என்றுதான் இன்றுவரை பேசுகிறோம். கடலிலிருந்து கரைக்கு வரவும் வழியில்லாமல் இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

எல்லையில் இருப்பதால் நமக்கு மட்டும் இன்னொரு சிக்கல். கேரள மாவட்டங்களுக்குத் திருவனந்தபுரம் வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை தருகிறது. நமக்குச் சென்னை மண்டல மையம். இடுக்கிக்கு வந்த ரெட் அலர்ட்டை மலையாளச் சேனலிலிருந்து வெட்டி எடுத்தால், மாவட்டப் பெயர் போய் நிறம் மட்டும் மார்த்தாண்டம் வந்து சேர்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மட்டும் செல்லும் முன்னறிவிப்பு ஒன்று இரவு முழுக்கச் சுற்றுகிறது. நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு படத்திலும் மாவட்டப் பெயரும் காலாவதி நேரமும் நடுவில், நிறப்பட்டையின் மேலேயே இருந்தால் வெட்ட முடியாது. அணைச் செய்திக்கும் இதே முறை வேண்டும். ஜூன் முதல் தேதி கால்வாய்ப் பாசனத்துக்குத் திறப்பதும் 'அணை திறப்பு', வெள்ளத்தில் உபரி நீர் விடுவதும் 'அணை திறப்பு'. கால்வாயா, ஆறா, எத்தனை கனஅடி, பேச்சிப்பாறையின் முழு மட்டமான 48 அடியில் இப்போது எத்தனை அடி என்று சேர்த்தே சொல்லுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிய செலவுக் காரியம் இல்லை. மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் பதியும் ஏட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: அளந்ததா, கண்டதா, கேட்டதா. எங்கே நின்று, எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் பார்த்தது என்றும் கேளுங்கள். பார்த்த நேரமும் சொன்ன நேரமும் ஒன்றல்ல. கேட்டது என்றால், ஊருக்கு இரண்டு அனுபவசாலிகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, அவர்களில் ஒருவரை அழைத்துக் கேளுங்கள். பிழையாகச் சொன்னவருக்கு, உண்மையில் அங்கே நடந்தது என்ன என்று மறுநாள் ஒரு வரி சொல்லி அனுப்புங்கள். அதட்டினால் அவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார், அன்று வருவது உண்மையாக இருக்கலாம்.

பயிற்சிக்கு ஏற்ற காலமும் கைவசம் உண்டு. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. வள்ளவிளை ஸ்ராங்குகள் பலரும் கரையில் இருப்பார்கள். தென்மேற்குப் பருவமும் வானத்தில் எல்லா வகை மேகத்தையும் காட்டிக்கொண்டிருக்கும். ஜூன் முதல் வாரத்தில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு நாள் கூட்டுங்கள். அலை எண்ணுவதையும் மேகம் பார்ப்பதையும் கடலோடிகள் சொல்லித் தரட்டும், எச்சரிக்கைத் தாளைப் படிப்பதை உங்கள் அலுவலர்கள் சொல்லித் தரட்டும். மழைமானி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரவர் குவளையைக் கையோடு கொண்டுவந்து வாய்ப்பரப்போடு ஒத்துப் பார்த்துக்கொள்கிறோம். குடம், தண்ணீர், தராசு நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களின் மழைமானி படிப்பவர்களும் வயர்லெஸ் பேசுபவர்களும்