காரணமில்லாமல் பில்டை உடைக்காதீர்கள்: திறந்த மூலத் திட்டங்களின் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திறந்த மூல மென்பொருள் திட்டங்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. அதை நம்பி ஓடும் இயந்திரங்களெல்லாம் அன்றோடு நின்றுவிடவில்லை. ஓர் அளவீட்டுக் கருவியின் டிரைவர், அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியான 3.10 கெர்னலுக்கென்றே எழுதப்பட்டிருக்கும். புதிய டிரைவர் தர ஆள் இருக்காது. இப்படிப்பட்ட கணினிகளில் புதிய மென்பொருளை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்யும் (ஓடக்கூடிய கோப்பாக மாற்றும்) வேலையில் இருப்பவர்கள் நாங்கள். "இயங்குதளத்தை மாற்றுங்கள்" என்பது நல்ல அறிவுரை; மாற்ற முடிந்தவர்கள் மாற்றிவிட்டார்கள். பழைய கணினியில் உங்கள் மென்பொருளைச் சோதித்துத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவசியமில்லாத இடத்தில் பில்டை (அப்படிக் கட்டும் வேலையை) உடைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

எது அவசியம், எது இல்லை என்பதற்கு சென்ட்ஓஎஸ் 7-ஐயே எடுத்துக்கொள்வோம். அதோடு வருவது ஜிசிசி 4.8.5 கம்பைலர், பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.17, குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2. இவற்றில் கம்பைலர் பெரிய தடையே அல்ல. ஜிசிசி 4.8-ஐ வைத்தே ஜிசிசி 12-ஐக் கட்டிவிடலாம். முதலில் அசெம்பிளர் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பின் புதிய பதிப்பு வேண்டும், ஏனென்றால் பழைய அசெம்பிளருக்குப் புதிய செயலிக் கட்டளைகள் தெரியாது. பிறகு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித லைப்ரரிகளின் மூலத்தையும் ஜிசிசி மூலக் கோப்புறைக்குள் வைத்து, வேறொரு காலிக் கோப்புறையிலிருந்து, கணினியைச் சோதித்து பில்டைத் தயார்செய்யும் கான்ஃபிகரை ஓட்ட வேண்டும். 32-பிட் தலைப்புக் கோப்புகள் இல்லாத கணினியில் மல்டிலிப்பை (32-பிட், 64-பிட் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டும் வசதியை) அணைக்காவிட்டால் பில்ட் பாதி வழியில் நின்றுவிடும். எல்லாவற்றையும் தனி முன்னொட்டில் (தனிக் கோப்புறையில்) நிறுவினால் இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகள் எதையும் தொட வேண்டியதில்லை.

ஓப்பன்எஸ்எஸ்எல்லும் அப்படித்தான். இங்கே தொல்லை வேறு வடிவில் வரும். 2021 செப்டம்பர் 30-இல் பல தளங்களின் சான்றிதழ்களுக்கு அடித்தளமாக இருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானதும், 1.0.2 பதிப்பு பல தளங்களின் சான்றிதழ்களை ஏற்க மறுத்தது. புதிய மூலச் சான்றிதழ் கணினியில் இருந்தால்கூட, காலாவதியான சங்கிலியைத்தான் அது பின்பற்றியது. பழைய சான்றிதழை நீக்கினால் சரியாகிவிடும், ஆனால் பிழைச் செய்தியைப் பார்த்து இதை ஊகிப்பது கடினம். பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 கட்டாயம். அது கிடைக்காவிட்டால் பைத்தான் பில்ட் நிற்காது. பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூலை மட்டும் விட்டுவிட்டு வெற்றிகரமாக முடியும். பைத்தான் பொதிகளை இறக்கும் பிப் கருவி முதல் பதிவிறக்கத்தில் தோற்கும்போதுதான் தெரியவரும். விருப்பத்துக்குரிய ஒரு பகுதி விடுபட்டால் அதை கான்ஃபிகர் முடிவில் ஒரு வரியில் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பிறருக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

உண்மையான சுவர் கெர்னலும் ஜிலிப்சியும்தான். புதிய ஜிலிப்சியைப் பழையதன் மேல் நிறுவினால் மொத்த இயங்குதளமும் சாயக்கூடும். லைப்ரரித் தேடல் பாதையில் புதிய லிப்சியை (ஜிலிப்சியின் முதன்மைக் கோப்பை) மட்டும் சேர்த்தாலும் உதவாது, ஏனென்றால் நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடரும் லிப்சியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். புதிய கணினியில் கட்டிய பைனரியை (கம்பைல் செய்து முடித்த கோப்பை) கொண்டுவந்தால் அது ஜிலிப்சியில் தேடும் சிம்பல் (செயற்கூறுப் பெயர்) பதிப்புகள் இங்கே இருக்காது. நோட்.ஜேஎஸ் 18-இன் அதிகாரப்பூர்வ பைனரிகளுக்கு ஜிலிப்சி 2.28 தேவை, 2.17 உள்ள கணினியில் அவை தொடங்கக்கூட மாட்டா. ஆகவே இருப்பதிலேயே பழைய கணினியில் கட்டுவதுதான் எங்களுக்கான வழி. சி++ லைப்ரரியை ஸ்டாட்டிக்காக (பைனரிக்குள்ளேயே) இணைத்துவிட்டால் அந்த ஒரு சிக்கலாவது தீரும்.

உங்கள் கையில் இருக்கும் விஷயத்துக்கு வருகிறோம். பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், வேண்டிய வசதி இருக்கிறதா என்று சோதியுங்கள். கெர்னலிடம் சீரற்ற எண்களைக் கேட்டுப் பெறும் கெட்ரேண்டம் சிஸ்டம் கால் 2014-இல் 3.17 கெர்னலில் வந்தது. அதற்கான ஜிலிப்சி செயற்கூறு 2017-இல், 2.25-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்துக் கணினிகளில் சிஸ்டம் காலை நேரடியாக அழைக்கலாம். அதே சமயம், கம்பைல் நேரச் சோதனை மட்டும் போதாது. புதிய ஜிலிப்சி உள்ள கன்டெய்னர் (தனக்கான லைப்ரரிகளோடு பொதியப்பட்ட சூழல்) பழைய கெர்னலின் மேல் ஓடும்போது, செயற்கூறு இருக்கும். அழைத்தால், கெர்னலில் அந்த வசதி இல்லை என்று சொல்லும் ஈநோசிஸ் பிழை திரும்பும். அந்தப் பிழையைப் பார்த்து யுரேண்டம் சாதனக் கோப்பிலிருந்து சீரற்ற எண்களைப் படிக்கும் மாற்றுவழி சில வரிகளில் முடிந்துவிடும்.

தலைப்புக் கோப்பு இருப்பதும் உத்தரவாதம் ஆகாது. ஜிசிசி 4.8-இல் சி++ ரீஜெக்ஸ் (உரையில் வடிவங்களைத் தேடும் வசதி) தலைப்பு உண்டு, நிரலும் கம்பைல் ஆகும். ஓடும்போது சாதாரண வடிவத்துக்கே விதிவிலக்கு எறியும். ஒழுங்காக வேலை செய்வது 4.9-இலிருந்துதான். இதைப் பிடிக்க, சிறு நிரல் ஒன்றை ஓட்டிப் பார்க்கும் சோதனையே தேவை. கிராஸ் கம்பைல் செய்வோர் (வேறு வகைக் கணினிக்காகக் கட்டுவோர்) விடையைக் கையால் தர ஒரு மாறியும் வையுங்கள். இதற்கு நேரெதிரான சங்கதியும் உண்டு. பல த்ரெட்கள் ஒரே மாறியைப் பிசகின்றி மாற்ற உதவும் சி11 அடாமிக் தலைப்பு 4.9-இல்தான் வந்தது, ஆனால் கம்பைலருக்குள் இருக்கும் அடாமிக் செயற்கூறுகள் 4.7 முதலே கிடைக்கின்றன. ஓர் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்க மட்டும் அடாமிக் பயன்படும் திட்டத்துக்கு அவையே போதும்.

குறைந்தபட்சப் பதிப்பை எழுதும்போது உண்மையில் தேவைப்படுவதை எழுதுங்கள். சிமேக் என்ற பில்ட் கருவிக்கான கோப்பின் முதல் வரியில், எழுதியவரின் கணினியில் இருந்த பதிப்பு அப்படியே ஏறிவிடுவதை நிறைய இடங்களில் பார்க்கிறோம்; அந்த எண்ணைக் குறைத்தாலே பில்ட் ஓடிவிடுகிறது. உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் ரஸ்ட் மொழித் திட்டம் செய்ததுபோல் செய்யுங்கள். 2022-இல் 1.64 பதிப்பில் ஜிலிப்சி 2.17, கெர்னல் 3.2 என்று உயர்த்தியபோது, முன்கூட்டியே தெளிவாக அறிவித்தார்கள். அதனால் எங்களில் சிலருக்குக் கதவு மூடியது, ஆனாலும் எந்தப் பதிப்பில் நிற்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ளும் மொழிகளில் பழைய வெளியீடுகள்தான் படிக்கட்டு. கோ மொழியில் சியில் எழுதப்பட்ட 1.4-இல் தொடங்கி, 1.17, 1.20, 1.22 என்று ஏறலாம். எந்தப் பதிப்புக்கு எது தேவை என்று அவர்கள் வெளியீட்டுக் குறிப்புகளிலேயே சொல்கிறார்கள். அத்தகைய கோப்புகளை அழித்துவிடாதீர்கள், செக்சம்மோடு (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்ணோடு) வைத்திருங்கள்.

கான்ஃபிகர் கோப்பை உருவாக்கி வெளியீட்டுப் பொதிக்குள் வைப்பதைச் சில திட்டங்கள் விட்டுவிட நினைக்கின்றன. 2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் பொதியில் மறைக்கப்பட்ட தீங்கான குறியீடு வெளிப்பட்ட பிறகு, அந்தத் தயக்கம் நியாயமானதே. அதை விடுவதைவிட, யார் உருவாக்கினாலும் அதே கோப்பு வரும்படி கருவிகளின் பதிப்புகளைக் குறித்து வைப்பதே மேல் என்று கருதுகிறோம். பில்ட் நடக்கும்போது இணையத்திலிருந்து எதையாவது இறக்கும் திட்டங்கள், அதே கோப்பை உள்ளூர் பாதையிலிருந்து எடுக்கவும் வழி தர வேண்டும். இணைய இணைப்பே இல்லாத கணினிகள் எங்கள் வேலையில் சாதாரணம்.

பழைய இயங்குதளம் பாதுகாப்பற்றது என்ற எதிர்வாதத்தை மறுக்க மாட்டோம். இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் கர்ல் கருவியின் புதிய பதிப்பும் புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லும் அங்கே பில்ட் ஆனால் பிணையத்தை நேரடியாகத் தொடும் பகுதியாவது திருத்தப்பட்டதாக இருக்கும். கெர்னல் ஓட்டைகளுக்கு அது மருந்தில்லை என்பதும் தெரியும்.

பேட்ச்களை (நிரல் திருத்தங்களை) நாங்களே எழுதுவோம். குறியீடு முழுக்க நிபந்தனைகளைத் தூவாமல், ஒரே ஒரு ஒத்திசைவுக் கோப்புக்குள் அடக்கி, எந்த இயங்குதளத்துக்கு, எந்தக் குறைக்காக என்று குறிப்பெழுதி அனுப்புவோம். அந்த இயங்குதளத்தில் சோதிப்பதும் எங்கள் பொறுப்பு. ஓராண்டு யாரும் கவனிக்காமல் கிடந்தால் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள். அதுவரை, "பழசு" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மூடாமல், பேட்சைத் திறந்து படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய இயங்குதளங்களில் மென்பொருள் கட்டுவோர்