ரீப்ளே அறையின் பேச்சும் கேட்கட்டும்

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ரீப்ளே தீர்ப்புகள், அதாவது வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்து எடுக்கும் முடிவுகள், கிளப்பும் சர்ச்சை பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். கேமராக்களைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனியில் எனக்கு உடன்பாடில்லை. 2024 செப்டம்பர் 27 அன்று நடந்த மயாமி - வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக அணிகளின் ஆட்டத்தில், வர்ஜீனியா டெக்கின் கடைசி வீச்சைப் பாருங்கள். பந்தைப் பிடித்தால் புள்ளி கிடைக்கும் எண்ட் ஸோன் பகுதியில் ஒரு கும்பலே பந்தின் மேல் விழுந்தது. களத்து நடுவர் டச்டவுன், அதாவது பந்து பிடிக்கப்பட்டுப் புள்ளி கிடைத்தது என்றார். பல நிமிட ஆய்வுக்குப் பிறகு அது பிடிக்கப்படாத பந்தாகிவிட, மயாமி 38-34 என்று வென்றது. மறுக்க முடியாத காட்சி ஆதாரம் இருந்தால்தான் களத் தீர்ப்பை மாற்றலாம் என்பது விதி. ஆனால், எல்லைக்கு வெளியே இருந்த மயாமி வீரர் ஒருவர் நழுவிய பந்தைத் தொட்டதால்தான் தீர்ப்பு மாறியது என்ற விளக்கம், இரு அணிகளும் ஆடும் ஏசிசி என்ற கல்லூரி லீக்கிடமிருந்து வந்தது ஆட்டம் முடிந்த பிறகுதான். தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். அதை யார் நம்புவார்கள்?

மகன் படிக்கும் ஊருக்குப் போயிருந்தபோது இப்படி ஓர் ஆட்டத்தை மைதானத்தில் பார்த்தேன். டிவி பார்ப்பவருக்கு வர்ணனையாளரின் ஊகமாவது கிடைக்கும். கேலரியில் இருந்த எங்களுக்கு அதுவும் இல்லை. கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் பேசுவதை நாம் கேட்டுப் பழகிவிட்டோம். அதே ஏசிசி லீக்கும் 2025-இல் சில ஆட்டங்களில் ரீப்ளே அதிகாரிகளின் உரையாடலை டிவியில் ஒலிபரப்பத் தொடங்கியது. மற்ற லீக்குகளும் இதைப் பின்பற்றி, மைதானத்து ஒலிபெருக்கியிலும் அதைக் கேட்கச் செய்யலாம்.

- ஒரு வாசகர், திருச்சி