29 வீரர்கள் இல்ல சார், 29 பேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, 2016ல காணாம போன விமானப்படையோட ஏஎன்-32 சரக்கு விமானத்தப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். "29 வீரர்களுடன் வங்கக்கடலில் மாயமான விமானத்தின் மர்மம் விலகியது"ன்னு ஆரம்பிக்குது. அந்த வரியத் தாண்டி படிக்க மனசு வரல, மடிச்சு வச்சிட்டு சாயங்காலம்தான் மறுபடி எடுத்தேன்.

2016 ஜூலை 22 காலைல எட்டரைக்கு தாம்பரத்துலேருந்து போர்ட் பிளேருக்கு கிளம்பின அந்த விமானத்துல க்ரூ 6 பேர், விமானப்படை ஆளுங்க 11 பேர், ஆர்மி 2, நேவி 1, கோஸ்ட் கார்டு 1. கூட்டிப் பாருங்க, 21தான் வரும். மீதி 8 பேர் விசாகப்பட்டினம் நேவல் ஆர்மமென்ட் டிப்போவுல, அதாவது கடற்படை ஆயுதக் கிடங்குல வேலை பாத்த சிவிலியன்ஸ், படைல சேராத ஊழியர்கள். உங்களுக்குத் தெரியாம இருக்காது, அன்னைக்கு உங்க பேப்பர்லயே இந்தக் கணக்கு வந்துச்சு, கட்டிங் இன்னும் எங்கிட்ட இருக்கு.

நானும் ஒரு டிஃபென்ஸ் சிவிலியன்தான், 31 வருஷம் ஃபிட்டர். இதே தாம்பரம் கூரியர்ல, அதான் ஆளும் சாமானும் ஏத்திக்கிட்டு போற விமானப்படை விமானத்துல, ரெண்டு தடவ டெம்பரரி ட்யூட்டிக்கு போர்ட் பிளேர் போயிருக்கேன். ரெண்டு பக்கமும் சுவரோரமா நீளமா கேன்வாஸ் சீட்டு, எதிர்ல இருக்கறவங்க முகத்தப் பாத்துக்கிட்டே உக்காரணும், நடுவுல சாமானெல்லாம் கட்டிப் போட்டிருப்பாங்க, இறக்கைக்கு மேல இருக்கற ரெண்டு இன்ஜினோட சத்தத்துல பக்கத்து ஆளு பேசறது கேக்காது, காதுல பஞ்சு வச்சிக்கிட்டு போவோம். கரை தாண்டிட்டா அந்த வட்ட ஜன்னல்ல மேகமும் தண்ணியும்தான், மூணு மணி நேரமும் அதுதான். முதல் தடவ எதிர்ல ஒரு ஆர்மி பையன், லீவு முடிஞ்சு போறவன், வாந்தி எடுத்துட்டான், என் துண்டத்தான் குடுத்தேன். அன்னைக்கு ஏதாவது ஆயிருந்தா என்னையும் வீரர்னுதான் போட்டிருப்பீங்க. மரியாதைக்குத்தான் போட்டோம்பீங்க. ஆனா ரிட்டயர்டு ஆனப்புறம் ஒரு இடத்துல மருந்துக்கு வரிசைல நின்னப்ப, நீங்க எக்ஸ் சர்வீஸ்மேன் இல்லையே, எதுக்கு நிக்கறீங்கன்னு எல்லார் முன்னாடியும் கேட்டு அனுப்பிட்டாங்க. உயிரோட இருக்கறப்ப கிடைக்காத பேரு எங்களுக்கு எதுக்கு சார், என்ன வேலை பாத்தோமோ அதப் போடுங்க, அது போதும்.

அடுத்தது, மர்மம் விலகியதுன்னு எப்படி எழுதினீங்க? 9 மணி 12 நிமிஷத்துக்கு ரேடார்ல காணாம போச்சு, 23,000 அடில பறந்துக்கிட்டிருந்தது இடது பக்கம் திரும்பி மடமடன்னு இறங்குச்சு, அதோட சரி. ஏன் திரும்புச்சு, ஏன் இறங்குச்சு? 2024 ஜனவரில பாதுகாப்பு அமைச்சகம் விட்ட அறிக்கைல அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. கடலுக்கடில 3,400 மீட்டர் ஆழத்துல எடுத்த படத்துல விமானத்தோட உடைஞ்ச பாகங்க தெரியுது, அந்தப் பக்கம் வேற எந்த விமானமும் காணாம போனதா பதிவு இல்ல, அதனால இது அதுவா இருக்கலாம்னு சொன்னாங்க. அவங்களே "இருக்கலாம்"னுதான் சொன்னாங்க, நீங்க "விலகியது"ன்னு முடிச்சிட்டீங்க.

பாகங்க கிடந்த இடம் சென்னைக் கரைலேருந்து 140 நாட்டிகல் மைல், சுமார் 310 கிலோமீட்டர்னு அந்த அறிக்கைல இருந்தத அப்படியே போட்டிருக்கீங்க. ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர், 140ஐ பெருக்கினா 259தான் வருது. 50 கிலோமீட்டர் இடிக்குது. அத்தனை பேர் கண்ணுல பட்டு அச்சாகி வர்ற பேப்பர்ல ஒருத்தர் கூடவா பெருக்கிப் பாக்கல.

கண்டுபிடிச்சவங்க தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், ஆளில்லாம கடலுக்கடில தானா போற வாகனத்த இறக்கித் தேடினாங்க. அவங்க ஆபீஸ் பள்ளிக்கரணைல, வேளச்சேரி தாம்பரம் ரோட்டுல இருக்கு. விமானம் கிளம்பின இடத்துலேருந்து பஸ்ல போயிடலாம். கண்டுபிடிக்க ஏழரை வருஷம் ஆச்சு, அவங்களக் குறை சொல்லல, அவங்களாவது விடாம தேடினாங்களேன்னு கையெடுத்துக் கும்பிடணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். 2015 ஜூன் 8ம் தேதி இதே வங்கக்கடல்ல 3 பேரோட கோஸ்ட் கார்டு டோர்னியர் விமானம் விழுந்துச்சே, தண்ணிக்கடிலேருந்து அதோட பீக்கன், அதாவது இருக்கற இடத்தக் காட்டற கருவி, சத்தம் குடுத்துச்சு, நம்ம சப்மரீனுக்குக் கேட்டுச்சு, ஒரு மாசத்துல கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்துலேருந்து பிளாக் பாக்ஸ் வரைக்கும் மேல வந்துச்சு. அடுத்த வருஷம் விழுந்த ஏஎன்-32ல அப்படி ஒரு பீக்கன் இல்லன்னு அப்பவே செய்தி வந்துச்சு. இருந்த எமர்ஜென்சி கருவி ரேடியோ சிக்னல் அனுப்புறது, தண்ணிக்கடில போயிட்டா அது வெளிய வராது. 1986லயே ஒரு புது ஏஎன்-32, சோவியத்லேருந்து மஸ்கட் வழியா ஜாம்நகருக்கு கொண்டு வர்றப்ப 7 பேரோட கடல் மேல காணாம போச்சு, இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. 30 வருஷம் கழிச்சும் அதே ரக விமானத்துல ஏன் அந்த பீக்கன் இல்லன்னு உங்க முழுப்பக்க கட்டுரைல ஒரு கேள்வி இல்ல. பெர்முடா முக்கோணத்துக்கு மட்டும் ரெண்டு பாரா குடுத்திருக்கீங்க.

2016ல டிவில அந்த நியூஸ் ஓடினப்ப நான் ரிட்டயர்டு ஆகி வருஷக்கணக்காச்சு. இருந்தாலும் என் வீட்டுக்காரம்மா அடுப்ப அணைச்சிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தாங்க, ராத்திரி வரைக்கும் ஒண்ணும் பேசல. செப்டம்பர்ல தேடறத நிறுத்திட்டு எல்லாரும் இறந்ததா எடுத்துக்கலாம்னு சொன்னப்ப, அந்த 29 வீட்டுலயும் யாரு எத எடுத்து எங்க வச்சிருப்பாங்கன்னு நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கம் வரல. அவங்களுக்கு இப்ப நிம்மதி கிடைச்சிருக்கும்னு கடைசில எழுதியிருக்கீங்களே, யார்கிட்ட கேட்டு எழுதினீங்க?

முப்பது வருஷமா உங்க பேப்பர்தான் வாங்கறேன், நிறுத்தப் போறதில்ல. ஒரு சின்னத் திருத்தம் போடுங்க. "29 வீரர்கள்"ங்கறது தப்பு, 21 படையினரும் 8 சிவிலியன் ஊழியர்களும்னு. கூடவே அந்த 310ஐயும் சரி பண்ணிடுங்க. ரெண்டு வரி வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிவிலியன் ஊழியர்,
கிழக்கு தாம்பரம்
(பேரு போட வேண்டாம்)